டோக்கியோ டிஸ்னியில் கொறிக்கப் போகிறவர்களுக்கு

பேரில்தான் டோக்கியோ. டிஸ்னி ரிசார்ட் இருப்பது பக்கத்து சிபா மாகாணத்தின் உராயசு நகரத்தில். டோக்கியோ ஸ்டேஷனில் கெய்யோ லைன் ரயில் ஏறி மைஹாமாவில் இறங்க வேண்டும். அங்கே இரண்டு பார்க்குகள் உண்டு. 1983 ஏப்ரல் 15-இல் திறந்தது டிஸ்னிலேண்ட், 2001 செப்டம்பர் 4-இல் திறந்தது டிஸ்னிசீ. இரண்டுக்கும் வாசல் வேறு, டிக்கெட் வேறு. சாதாரண ஒருநாள் பாஸ்போர்ட் (அங்கே டிக்கெட்டுக்கு அதுதான் பெயர்) ஒரு பார்க்குக்கு மட்டும்தான் செல்லும்.

டிஸ்னி கதாபாத்திரங்களின் முகம், காது வடிவத்தில் விற்கும் தீனிக்கும் இதே கதைதான். படத்தில் பார்த்த பன் எந்தப் பார்க்கில் கிடைக்கிறது என்று பார்க்காமல் டிக்கெட் எடுத்துவிட்டு, உள்ளே போய்த் தேடி ஏமாறுகிறவர்கள் ஏராளம். அதனால் முதல் வேலை இதுதான்.

1. எது எங்கே

கீழே வரும் வேர்ல்டு பஜார், போர்ட் டிஸ்கவரி போன்றவை பார்க்குக்குள் இருக்கும் பகுதிகள். டிஸ்னிலேண்டில் தேட வேண்டியவை: வேர்ல்டு பஜாரில் உள்ள ஸ்வீட்ஹார்ட் கஃபேயில் மைக் மெலன்பான், அதாவது ‘மான்ஸ்டர்ஸ் இன்க்’ படத்தில் வரும் ஒற்றைக் கண் மைக் வசவ்ஸ்கியின் முகம் வைத்த பச்சை நிற இனிப்பு பன். டூன்டவுனில் ஹியூயி, டியூயி, லூயி பேரில் இருக்கும் கஃபேயில் மிக்கியின் வெள்ளைக் கையுறை வடிவத்தில் மடித்த சிக்கன் பாவ், அதாவது கோழி வைத்த பன். டுமாரோலேண்டின் பான் கேலக்டிக் பிட்சா போர்ட்டில் ‘டாய் ஸ்டோரி’ படத்தின் மூன்று கண் பச்சை வேற்றுகிரகவாசி முகத்தோடு மோச்சி, அதாவது கிரீம் அடைத்த அரிசி மாவு உருண்டை.

டிஸ்னிசீயில்: போர்ட் டிஸ்கவரியின் சீசைட் ஸ்நாக்கில் டொனால்டின் மிதவை வளையம் போல வட்டமாக அவித்த இறால் பன், அதன் பெயர் உகிவாமான். மிஸ்டீரியஸ் ஐலண்டின் நாட்டிலஸ் கேலியில் கியோசா டாக், அதாவது பன்றி இறைச்சிப் பூரணம் வைத்த நீள பன். கேப் காட் குக்-ஆஃபில் டிஸ்னியின் டஃபி என்ற பொம்மைக் கரடி, அவன் நண்பர்கள் ஆகியோரின் உருவம் பதித்த இனிப்புகள்.

கியோசா டாக்கில் முகமும் இல்லை, காதும் இல்லை. ஆனாலும் பட்டியலில் இருக்கட்டும். ருசியில் மற்றதையெல்லாம் அதுதான் முந்துகிறது.

ஹாலோவீன், கிறிஸ்துமஸ் போன்ற பருவங்களில் வரும் சிறப்புத் தீனிகள் அந்தப் பருவம் முடிந்ததும் மறைந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முந்தைய வீடியோவை நம்பிப் பட்டியல் போடாதீர்கள். டோக்கியோ டிஸ்னி ரிசார்ட் ஆப்பில் ஒவ்வொரு கடைக்கும் அன்றைய மெனு இருக்கிறது. போகும் முந்தைய இரவு அதில் பார்த்துக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்புக்காகக் கடை மூடியிருந்தால் அதுவும் அங்கேயே தெரியும்.

2. கிளம்பும் முன்

ஆப்பை ஊரிலேயே இறக்கி, கணக்குத் தொடங்கி, கார்டையும் பதிந்துவிடுங்கள். கவுண்டர் வைத்த சில உணவகங்களுக்கு அதிலேயே மொபைல் ஆர்டர் போடலாம். கடையைத் தேர்ந்தெடுத்து, வாங்கிக்கொள்ளும் நேரத்தையும் குறித்துப் பணம் கட்டிவிட்டால், அந்த நேரத்தில் போய் ஆர்டர் எண்ணைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். சாப்பாட்டு வேளை நெருங்க நெருங்க நேரங்கள் தீர்ந்துபோகும். மதியத்துக்கு வேண்டுமென்றால் காலையிலேயே போட்டுவிடுவது நல்லது.

நம் ஊர் வங்கிக் கார்டுகள் சறுக்குவது இங்கேதான். பணம் கட்டும்போது ஓடிபி கேட்கும். இந்திய சிம்மைக் கழற்றிவிட்டு ஜப்பான் சிம் போட்டிருந்தால் அந்த எஸ்எம்எஸ் வந்து சேராது. இந்திய எண்ணுக்கு ரோமிங் போட்டுவையுங்கள், அல்லது ஓடிபி வங்கி ஆப்பிலேயே வருமாறு மாற்றிக்கொள்ளுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பார்க்குக்குள் நின்று வங்கி வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிடுவது போன்ற நேர விரயம் வேறில்லை.

தள்ளுவண்டிகளுக்கு மொபைல் ஆர்டர் கிடையாது, நேராக வரிசைதான். கையில் கொஞ்சம் ரொக்கமும், சூய்க்கா போன்ற ரயில் கார்டில் கொஞ்சம் தொகையும் இருந்தால் எங்கும் தடுமாற வேண்டாம். பலகையில் போட்டிருக்கும் விலை வரியோடு சேர்ந்தது. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை.

சின்னத் தீனிகள் பெரும்பாலும் 400 முதல் 800 யென்னுக்குள் இருக்கும். ஆளுக்கு 2,500 யென் ஒதுக்கினால் நாள் முழுக்கத் தாராளமாகக் கொறிக்கலாம். பாப்கார்ன் பக்கெட் இதில் சேராது. அதைத் தனிக்கணக்காக வையுங்கள், காரணம் பிறகு வருகிறது.

பையில் ஈரத் துடைப்பான் ஒரு பாக்கெட், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை நாலைந்து, சின்னத் துவாலை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கழிவறைகள் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் கை துடைக்கக் காகிதம் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஜப்பானியர் பலரும் கைக்குட்டை வைத்திருப்பார்கள்.

3. எந்த நேரத்தில் எதை

இந்தத் தீனிகளில் பாதி, வாங்கிய ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டியவை. அவித்த பன் ஆறினால் தோல் இறுகும். சுரோஸ் (எண்ணெயில் பொரித்த நீள மாவுக் குச்சி) ஆறினால் நாராகும். மோச்சி வெயிலில் நின்றால் துவளும். "வாங்கி வைத்துக்கொண்டு பிறகு சாப்பிடலாம்" என்பது மெலன்பானுக்கும் பாப்கார்னுக்கும் மட்டும்தான் சரிப்படும். எனவே எது அழகு என்பதைவிட எது எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்து நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ரைடுகளுக்கு ஓடுவார்கள். பத்தரை மணிவரை தீனிக் கடைகள் ஓரளவு காலியாகத்தான் இருக்கும். நீங்கள் மிக ஆசைப்படும் சூடான ஐட்டம் ஒன்றை அப்போதே முடித்துவிடுங்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை எந்தக் கவுண்டர் பக்கமும் போகாதீர்கள். சாப்பாடு வாங்குகிறவர்களும் கொறிக்க வருகிறவர்களும் ஒரே வரிசையில் நிற்கும் நேரம் அது. பகல் பரேடு போகும் நேரத்தில் பாதைக்கு எதிர்ப்பக்கம் உள்ள கடைகளில் கூட்டம் சட்டென்று வடியும். பரேடு பார்க்கும் ஆசை இல்லாதவர்களுக்கு அதுதான் பொன்னான அரைமணி. மூன்று, நான்கு மணிவாக்கில் இனிப்புக் கடைகளில் மறுபடி நெரிசல் தொடங்கும்.

இன்னொன்று. பார்க் மூடும் நேரம் வேறு, கடை மூடும் நேரம் வேறு. ஒன்பது மணிவரை பார்க் திறந்திருந்தாலும் பல கடைகள் அதற்கு வெகு முன்பே ஷட்டரை இறக்கிவிடும். ஒவ்வொரு கடையும் மூடும் நேரம் ஆப்பில் உண்டு. பலத்த காற்று, மழை என்றால் திறந்தவெளி வண்டிகளை மூடிவிடுவதும் உண்டு. குளிர்காலத்தில் டிஸ்னிசீயில் கடல் காற்று எலும்பைத் துளைக்கும். அங்கே சூடான பன்னை இருட்டிய பிறகு என்று வைத்துக்கொண்டால் காற்றே அதை ஆற்றிவிடும்.

4. பச்சை மோச்சி

புதிதாகப் போகிறவர்கள் தொடங்க வேண்டியது இதில்தான். விலை குறைவு, அளவு சிறிது, முகமோ பார்த்தவுடன் சிரிக்க வைக்கும். ஒரு காகிதக் கப்பில் மூன்று உருண்டை, மூன்றிலும் மூன்று கண். உள்ளே கஸ்டர்டு, சாக்லேட், ஸ்ட்ராபெரி என மூன்று வித கிரீம். வெளியே மூன்றும் ஒரே பச்சை, எதில் எது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று பேர் பங்கு போடும்போது சண்டை வருவது இதனால்தான். எதற்கும் இரண்டாவது கப்புக்குத் தயாராக இருங்கள்.

மேல் தோல் அரிசி மாவில் செய்தது. ஆனால் கொழுக்கட்டை போல உடையாது, இழுத்தால் இழுத்தபடி வரும். கடித்து இழுத்தால் கிரீம் பின்பக்கமாகப் பிதுங்கிச் சட்டையில் விழும். சின்னதுதானே என்று முழு உருண்டையை வாயில் போட்டாலும் தொல்லை, தோல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இப்படிச் செய்யுங்கள்: கப்பை முகவாய்க்கு நேரே பிடித்து, உருண்டையின் பாதிவரை பல்லைப் பதித்து, இழுக்காமல் முழுசாகக் கடித்துத் துண்டியுங்கள். மீதிப் பாதியைக் கிரீம் மேலே இருக்கும்படி திருப்பி அடுத்த வாய்க்கு எடுங்கள்.

குளிர்ச்சியாகத் தருவார்கள். கையில் வந்ததும் உட்பக்கம் கெட்டியாக இருந்தால் இரண்டு நிமிடம் விடுங்கள். ஆகஸ்ட் வெயிலில் அந்த இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படாது. படம் எடுப்பதென்றால் கப்பைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு முகமாவது நேரே பார்க்கும்படி குச்சியால் திருப்பிவிட்டு உடனே எடுங்கள். தோல் துவளத் தொடங்கினால் கண்கள் சரிந்து அழுமூஞ்சியாகிவிடும்.

சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் முழு உருண்டை கொடுக்கவே வேண்டாம். மோச்சி தொண்டையில் சிக்கி உயிர் போவது ஜப்பானில் ஒவ்வொரு புத்தாண்டிலும் செய்தியாகும் விஷயம். கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிய்த்து, உட்கார வைத்து, நன்றாக மென்ற பிறகு அடுத்த துண்டு கொடுங்கள்.

5. சூடான பன்கள்

உகிவாமானைக் காகித உறையில் வைத்துத் தருவார்கள். முதலில் படம், ஆனால் ஆவி பறக்கும்போது போனை மிக அருகில் கொண்டுபோனால் லென்ஸில் பனி படரும், படம் மங்கும். ஓர் அடி தள்ளி நின்று எடுங்கள். அவித்த பன்களின் அடியில் மெல்லிய காகிதம் ஒட்டியிருக்கும். பன்னோடு சேர்த்துக் கடித்துவிட்டு "ஏன் சவ்வு மாதிரி இருக்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அடியைத் தடவிப் பார்த்து, இருந்தால் சூடாக இருக்கும்போதே ஓரத்திலிருந்து உரியுங்கள். ஆறிவிட்டால் காகிதம் மாவையும் பிய்த்துக்கொண்டு வரும்.

கியோசா டாக் என்பது நீள பன்னுக்குள் பன்றி இறைச்சிப் பூரணம். சூடு முழுக்க உள்ளே அடைந்திருக்கும். நுனியில் சின்னதாக ஒரு கடி கடித்து, ஆவி வெளியேற விட்டு, பிறகு தொடருங்கள். நேராக நடுவில் வாய் வைத்தால் கொதிக்கும் சாறு நாக்கைப் பதம்பார்த்துவிடும், அன்று முழுக்க வேறு எதுவும் ருசிக்காது. வரிசை நீளமாகத் தெரிந்தாலும் மெனு சின்னதென்பதால் வேகமாக நகரும்.

கையுறை வடிவ சிக்கன் பன்னை, அதன் விரல்கள் மேலே தெரியும்படி பிடித்தால்தான் உருவம் தெரியும். சாஸ் கீழே வடியும் என்பதால் உறையின் அடிப்பக்கத்தை மடித்துப் பிடியுங்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுவது உசிதம்.

சுரோஸைப் பக்கவாட்டில் பார்த்தால் வெறும் நீளக் குச்சி. வெட்டுமுகத்தைப் பார்த்தால் மிக்கி தலை. படம் எடுக்கும்போது நுனியை கேமராவுக்கு நேரே நீட்டுங்கள். மெலன்பானைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை: மேலே பிஸ்கட் போன்ற இனிப்பு ஓடு, உள்ளே மெத்தென்ற ரொட்டி. முகத்துக்குத்தான் பாதி விலை. ஆனால் பையில் போட்டு அறைக்கு எடுத்துப்போய் மறுநாள் காலை டீயோடு சாப்பிடலாம், அந்த வகையில் உத்தமம்.

6. சைவக்காரர்கள் கவனத்துக்கு

பால், முட்டை சேரும் இனிப்புகளில் தெரிவுகள் உண்டு. காரத்தில் மிகக் குறைவு. கறி இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் சாஸில் மீன் சாறோ இறைச்சிச் சாறோ இருப்பது ஜப்பானில் வழக்கம். "கர்ரி" (curry) பாப்கார்ன் என்று பார்த்துவிட்டு நம் ஊர் மசாலா என்று நினைத்து வாங்கும் முன்னும் கேளுங்கள்.

இனிப்பில் கவனிக்க வேண்டியது ஜெலட்டின். மூஸ், ஜெல்லி, மார்ஷ்மெல்லோ இவற்றில் அது சாதாரணம், பெரும்பாலும் மாடு, பன்றி வழி வருவது. டஃபி உருவம் போட்ட கப்புகளில் வரும் மூஸ் வகைகளை வாங்கும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டை தவிர்ப்பவர்கள் கஸ்டர்டு, மெலன்பான், சுரோஸ் மூன்றையும் விசாரித்தே தொட வேண்டும்.

ஒவ்வாமைப் பட்டியல் ஆப்பிலும் கடையிலும் இருக்கிறது. ஜப்பானியச் சட்டம் கட்டாயமாக அறிவிக்கச் சொல்வது முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, பக்வீட் (சோபா நூடுல்ஸ் செய்யும் தானியம்), வேர்க்கடலை, வால்நட் போன்றவற்றைத்தான். இறைச்சியும் ஜெலட்டினும் அந்தக் கட்டாய வரிசையில் இல்லை. ஆகவே பட்டியலில் குறி இல்லை என்பதால் சைவம் என்று முடிவு கட்ட முடியாது.

கேட்கும்போது "வெஜிடேரியன்" என்று சொன்னால் சரியாகப் போய்ச் சேராது. "நிகு" (இறைச்சி) என்று கேட்டாலும் இறைச்சித் துண்டு இல்லை என்ற பொருளில் "இல்லை" என்று சொல்லிவிடக்கூடும், மீன் அதில் அடங்கவே அடங்காது. ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: புதா என்றால் பன்றி, கியூ என்றால் மாடு, தோரி என்றால் கோழி, சகானா என்றால் மீன், எபி என்றால் இறால், ஜெராச்சின் என்றால் ஜெலட்டின். இவற்றை ஜப்பானிய எழுத்தில் போனில் குறித்து வைத்துக் காட்டுவது இன்னும் மேல். பணியாளர்கள் பொறுமையாக உள்ளே போய் விசாரித்து வருவார்கள். ஆனால் ஒரே எண்ணெய், ஒரே பாத்திரம் என்பதற்கு உத்தரவாதம் தர மாட்டார்கள். அதை ஏற்க முடியாதவர்கள் பொரித்ததை விட்டுவிடுங்கள்.

வெளியிலிருந்து கட்டுச்சோறு உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. வாசலுக்கு வெளியே பிக்னிக் இடம் இருக்கிறது, புளியோதரையை அங்கே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வாமைக்கான உணவு, குழந்தை உணவு இரண்டுக்கும் விலக்கு உண்டு. பக்கத்தில் எடோகாவா வார்டின் நிஷி-கசாய் இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி. இரவு திரும்பும்போது அங்கே இட்லி, தோசையோடு நாளை முடித்துக்கொள்ளலாம்.

7. பாப்கார்னும் பக்கெட்டும்

கழுத்தில் மாட்டிய பொம்மைப் பக்கெட்டோடு திரியும் ஜப்பானியரைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும். வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். சாதாரண காகிதப் பெட்டி சில நூறு யென்தான். பக்கெட் 3,000 யென்னை ஒட்டியும் அதற்கு மேலேயும் போகும். விலையில் பெரும்பங்கு பொம்மைக்கு. பிறகு அதில் நிரப்பிக்கொள்ள ரீஃபில் விலை தனி. பெட்டியை விடக் கொஞ்சம்தான் கூட, ஆனால் அளவு நிறைய. ஒரே நாளில் ஒரு தடவை மட்டும் பாப்கார்ன் சாப்பிடப்போகிறவர் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். நால்வர் குடும்பம் இரண்டு, மூன்று தடவை நிரப்பினால் பக்கெட்டுக்கு அர்த்தம் உண்டு. முந்தைய பயணத்தில் வாங்கிய டோக்கியோ டிஸ்னி பக்கெட் வீட்டில் கிடந்தால் எடுத்துப்போங்கள், அதற்கும் நிரப்பித் தருவார்கள். ஒசாகாவின் யூனிவர்சல் பக்கெட்டை நீட்டினால் நடக்காது.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று. பக்கெட்டின் உருவமும் பாப்கார்னின் ருசியும் வண்டிக்கு வண்டி மாறும். வேண்டிய பொம்மை விற்கும் வண்டியில் உங்களுக்குப் பிடிக்காத ருசி இருக்கலாம். முதல் நிரப்பு அங்கே விற்கும் ருசிதான், அடுத்த நிரப்பை எந்த வண்டியிலும் வாங்கலாம். கேரமல், தேன், மில்க் சாக்லேட், சோயா சாஸ்-வெண்ணெய், கர்ரி, கறுப்பு மிளகு என்று பல உண்டு. எது எந்த வண்டியில் என்பதை ஆப்பின் வரைபடம் காட்டும். புதிதாக வந்த உருவத்துக்கு நீள வரிசை நிற்கும், அங்கே நின்றுதான் ரீஃபில் வாங்க வேண்டும் என்பதில்லை. டுமாரோலேண்டின் தி பிக் பாப் பாப்கார்னுக்கென்றே திறந்த கடை, கூரை இருப்பதால் மழை நாளில் உதவும்.

நிரப்பியவுடன் மூடியை அழுத்தி மூடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. சூட்டில் வரும் ஆவி மூடியில் பட்டு நீராகித் திரும்பச் சொட்டும், கால்மணியில் பாப்கார்ன் நமத்துவிடும். ஐந்து நிமிடம் மூடியைத் திறந்தே வைத்துக் கிளறிவிட்டு, ஆறியபின் மூடுங்கள். ஜூன் மழைக்காலத்தில் காற்றே ஈரம், எப்படியும் அரைநாள் தாங்காது. சீக்கிரம் தின்று தீர்ப்பதே வழி.

ருசியை மாற்றும் முன் அடியில் கிடக்கும் மிச்சத்தை ஜிப் பையில் கொட்டி, உட்புறத்தை உலர்ந்த துவாலையால் துடையுங்கள். சோயா வெண்ணெய்த் தூள் படிந்த பக்கெட்டில் தேன் பாப்கார்ன் விழுந்தால் இரண்டும் கெடும். காரத்திலிருந்து இனிப்புக்கு மாறுவதை விட, இனிப்பிலிருந்து காரத்துக்கு மாறுவது பரவாயில்லை. கேரமல் மட்டும் விதிவிலக்கு, அதன் பிசுக்கு எதையும் பிடித்துக்கொள்ளும்.

வார் நீளத்தைக் குழந்தையின் இடுப்புக்கு மேலே நிற்கும்படி குறுக்குங்கள். கீழே தொங்கினால் நடக்கும்போது முழங்காலில் இடித்து மூடி திறந்து, பாதையெல்லாம் பாப்கார்ன். ரைடில் ஏறும் முன் மூடி சொருகியிருக்கிறதா பார்த்துக் காலடியில் வைத்துவிடுங்கள்.

அறைக்கு வந்ததும் அன்றிரவே கழுவுங்கள். எண்ணெய் மறுநாள் பிசினாகும். சாதாரண பக்கெட்டுக்கு வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சோப்பும் போதும். விளக்கு எரியும் வகை என்றால் நீரில் முக்காமல் ஈரத் துணியால் உட்புறத்தை மட்டும் துடையுங்கள், பேட்டரி அறைக்குள் நீர் போனால் அத்தோடு முடிந்தது. ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே சூட்கேஸுக்குள் வையுங்கள். உள்ளே சாக்ஸோ சட்டையோ திணித்து வைத்தால் விமானச் சரக்கில் பொம்மையின் காது நசுங்காமல் ஊர் வந்து சேரும், இடமும் மிச்சம்.